கைக்குத் துணையா, கைக்கு விலங்கா?

சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் திரட்டி, வாயருகே கொண்டு செல்வது மிக எளிய செயல் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் ஐந்து விரல்களும் அடிமூட்டில் வளைந்து, நுனியில் நீண்டு, ஒன்றாய்க் குவிந்தாலன்றிக் கவளம் உருவாகாது. பக்கவாதத்தாலோ, மூட்டுவாதத்தாலோ, தொழுநோயாலோ இவ்வாற்றலை இழந்தோர் எத்தனையோ இல்லங்களில் உளர். அவர்களுக்குத் துணைக்கருவி தருவது அன்புச் செயலே. ஆனால் அக்கருவி கையை இயங்கச் செய்கிறதா, முடக்குகிறதா என்பதை நாம் சிந்திப்பதுண்டா?

நமது கொங்கு நாட்டை அடுத்த கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்பதைக் கண்டறிந்தார். நரம்பு பழுதுற்று வலியுணர்வு மறைகிறது. சூடும் வெட்டும் அழுத்தமும் தெரியாமல் புண்பட்டே விரல்கள் அழிகின்றன. அவர் நலமான தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

அத்துடன் பணி முடியவில்லை. உணர்ச்சியற்ற கை, தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்து மீண்டும் புண்பட்டது. எனவே கருவிகளின் பிடியையே மாற்ற வேண்டியதாயிற்று. பிடி அகலமாகவும் வழவழப்பாகவும் இருந்தால், அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் உள்ளங்கை முழுவதும் பரவும்.

இவ்வுண்மை நம் சமையலறைக்கும் பொருந்தும். கரண்டிக் காம்பில் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றினால், முழுதும் மூடாத விரல்களும் அதைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அளவுக்கு மீறித் தடித்தால் பிடியே நழுவும். பலகையில் இரண்டு ஆணிகள் அடித்துக் காயைக் குத்தி நிறுத்தினால், ஒரு கையாலேயே நறுக்கலாம். உணர்ச்சியற்ற கையால் சூடான டம்ளரை வெறுமனே தொடலாகாது. மாலைதோறும் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் வேண்டும்.

மறுபுறமும் உண்டு. மணிக்கட்டுக்குக் கட்டும் பட்டை பிடிக்கு உறுதி தரும். ஆனால் மணிக்கட்டு திரும்பாதபோது அவ்வேலையை முழங்கையும் தோளும் சுமக்கின்றன. விரைவில் களைப்பும் வலியும் தோன்றும். மருத்துவர் சொன்ன நேரத்திற்கு மேல் நாள் முழுவதும் அணிந்தால் மூட்டு விறைத்துப்போகும்.

1954-ல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நாற்காலி அவர் பணியைப் பறிக்கவில்லை. அவர் கைகளைப் பணிக்கு அழைத்துச் சென்றது. நல்ல துணைக்கருவியின் இலக்கணம் இதுவே.

குடும்பத்தாரே, நீங்களும் ஒரு துணைக்கருவிதான். அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகிறதா? ஆகட்டும். அம்மா தாமே உண்ணும்போது சோறு சிந்துகிறதா? சிந்தட்டும். பொறுமையிழந்து நாமே ஊட்டிவிடும் ஒவ்வொரு கவளமும், அந்தக் கைக்குரிய பயிற்சியை ஒருவேளை பறித்துவிடுகிறது. சூம்பிய கையினனை நம் ஆண்டவர் குணமாக்கியபோதும், அவனே தன் கையை நீட்டும்படி பணித்தார் அல்லவா?