பாளையில் சொட்டி ஷாப்பில் நுரைப்பது

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் தாண்டிக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் போனால் தென்னந்தோப்பு மாறுவதில்லை, சட்டம்தான் மாறுகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம், அதே ஆழியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த மரத்தில் கலயம் தொங்குகிறது. கேரளத்தின் பிற மாவட்டக் கடைகளுக்கும் இங்கிருந்துதான் வண்டி வண்டியாகக் கள் போகிறது.

கள் காயிலிருந்து வருவதில்லை. விரியாத பாளையை இறுகக் கட்டி, எலும்பாலோ மரக்கட்டையாலோ நாள்தோறும் தட்டிப் பக்குவப்படுத்துகிறார்கள். ஓங்கித் தட்டினால் பாளை நைந்துவிடும்; தட்டாமல் விட்டால் சாறு இறங்காது. நுனியைச் சீவியதும், பூவுக்கும் பிஞ்சுக்கும் போகவேண்டிய சர்க்கரைச் சாறு சொட்டத் தொடங்கும். சீவிய வாய் அடைபட்டுப்போகும் என்பதால் காலையும் மாலையும் மெல்லிய வில்லையாக மறுபடி சீவ வேண்டும். மழை, பண்டிகை என்று மரமேறி ஒதுங்க முடியாது.

சாறு சொட்டும்போது இனிப்புதான். காற்றிலும் பூச்சிகளின் காலிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கி, சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. நுரை அந்த வாயுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் முடங்கும், இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான்!

காலையில் இறக்கியது மதியத்துக்குள் முறுகிவிடும். மறுநாள் ஆனால் புளித்துக் காடி. வண்டியில் ஏற்றிய பிறகும் கலத்துக்குள் நொதித்தல் நிற்பதில்லை. மூடியை இறுக்கி அடைத்தால் வாயு தள்ளிவிடும்.

இங்கிலாந்தின் பழைய பப்களில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏல் பீரிலும் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கும். ஆனால் அந்தப் பீப்பாயைத் திறந்த பின்னும் சில நாள் தாங்கும். குதிரைவண்டிப் பயணிகளுக்காக மாடியில் படுக்கையறை வைத்த பப்களும் உண்டு. நம் கள்ளு ஷாப்பில் படுக்க இடம் கிடையாது. பெஞ்சு, மேஜை, அடுப்படி, அவ்வளவுதான். அந்த அடுப்படியை மட்டும் குறைத்து மதிப்பிடக்கூடாது. கப்பைக்கிழங்கோடு வரும் மீன்கறியில் காரம் கண்ணைக் கரிக்கும். கள்ளின் இனிப்பும் புளிப்பும் அந்தக் காரத்தை அடக்க, காரம் இன்னொரு மிடறு கேட்கும். பாதிப்பேர் சமையலுக்காகவே வருகிறார்கள் என்பது என் கட்சி.

ஆப்ப மாவில் ஒரு கரண்டி கள் ஊற்றிப் புளிக்கவைப்பது கேரள வீடுகளில் பழைய வழக்கம். கள்ளுக்கடை வாசலை மிதிக்காதவர்களும் அந்த ஆப்பத்தை விடுவதில்லை.