உஷார்! பிள்ளையின் பையில் இருப்பது பென்டிரைவ்தானா?

சுரக்குடிப் பெற்றோரே, இன்றைக்கே பிள்ளையின் பையை ஒரு தடவை பாருங்கள். பென்டிரைவ் போலவோ தடித்த பேனா போலவோ ஒன்று இருந்து, அதில் மாம்பழமோ புதினாவோ மணந்தால், அது வேப். அதாவது இ-சிகரெட். சாம்பல் விழாது, சட்டையில் நாற்றம் ஒட்டாது. பீடி குடித்தால் அன்றே அகப்படுகிற பிள்ளை, இதில் மாதக்கணக்கில் அகப்படமாட்டான்.

கேட்டால் "வெறும் ஆவிதான்" என்பான். நம்பாதீர்கள். உள்ளே இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடின். கம்பிச்சுருள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நஞ்சுகளும் உண்டாகின்றன.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் உண்டு. உள்ளே வரும் கிருமியையும் தூசியையும் விழுங்கித் தீர்ப்பவை அவை. அறுவடைக் காலத்தில் நாம் இழுக்கும் நெல் தூசியையும்தான். 2018இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனித நுரையீரலிலிருந்து எடுத்த இந்தச் செல்களின் மேல் வேப் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கி ஊற்றிப் பார்த்தார்கள். பல செல்கள் செத்தன. பிழைத்தவை கிருமியை விழுங்கத் திணறின. சூடாக்காத திரவத்தைவிட ஆவியே கொடியதாக இருந்தது. 2019இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரி எலிகளில் கண்டது இன்னும் பயங்கரம்: நிகோடின் துளியும் இல்லாத ஆவியை நான்கு மாதம் சுவாசித்த எலிகளின் காவல் செல்களிலும் கொழுப்பு சேர்ந்தது, ஃப்ளூ தொற்றியபோது அவற்றால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "இதில் நிகோடினே இல்லை" என்று விற்பவன் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 2020 பிப்ரவரிக்குள் வேப் பிடித்து நுரையீரல் வெந்து மருத்துவமனை போனவர்கள் 2,807 பேர். உயிரிழந்தவர்கள் 68 பேர். அவர்கள் பிடித்தது பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த, வைட்டமின் ஈ அசிடேட் சேர்த்த சரக்கு. நம் ஊரில் கிடைப்பது முழுக்கக் கள்ளச் சரக்கு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் சொல்வது?

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் சாராய விலை மாறுகிற காரைக்கால் நம்முடையது. அந்தப் பழக்கத்தில், 2018இல் வந்த தமிழ்நாட்டு வேப் தடை காரைக்காலுக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நாடு முழுவதற்கும். விற்றாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. பிரான்ஸிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் மாமா, சித்தப்பாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்: பெட்டியில் இது வேண்டாம்.

பிள்ளையிடம் அகப்பட்டால் அடிக்காதீர்கள், அடித்தால் ஒளிப்பான். விடாத இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வேப் பிடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்றே வைத்தியம் நடக்கும். பழக்கத்தை விட உதவிக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356.