அவசரச் சட்டங்களும் சட்டமன்றங்களின் கடமையும்

வேளாண்மை, நீர்ப்பாசனம், நிலம், பொதுச் சுகாதாரம், காவல், உள்ளாட்சி முதலிய துறைகளில் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நமது அரசியல் சட்டம் மாநிலச் சட்டமன்றங்களிடம் ஒப்படைத்துள்ளது. சாதாரணக் குடிமகனின் அன்றாட வாழ்வைப் பெரிதும் தொடுபவை இத்துறைகளே. ஆகவே, இவை குறித்த சட்டங்கள் மக்கள் பிரதிநிதிகளால் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, குறைகள் களையப்பட்டு நிறைவேற வேண்டும் என்பது ஜனநாயகத்தின் அடிப்படை நியதியாகும். ஆனால் சட்டமன்றம் கூடாமலேயே சட்டம் பிறக்கும் வழியும் ஒன்று உண்டு. விதிவிலக்காக அமைந்த அந்த வழியே வழக்கமாக மாறிவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பீகார் மாநிலத்தின் அனுபவம் தக்க சான்றாகும்.

விதிவிலக்கின் எல்லை

சட்டமன்றம் கூடியிராத வேளையில் உடனடி நடவடிக்கை தேவைப்படுமானால், அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 213-வது ஷரத்து கூறுகிறது. வெள்ளமும் கொள்ளை நோயும் சட்டமன்றத்தின் கூட்டத் தொடருக்காகக் காத்திருப்பதில்லை. எனவே இத்தகைய அதிகாரம் அவசியமே. எனினும் அதற்கு இரு கட்டுப்பாடுகள் உள்ளன. அவசரச் சட்டம் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. சட்டமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில், அல்லது சட்டமன்றம் அதை ஏற்க மறுத்தால் அதற்கு முன்பே, அது காலாவதியாகிவிடும் என்பது மற்றொன்று.

சட்டமன்றத்தின் இரு கூட்டத் தொடர்களுக்கிடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது என்பது 174-வது ஷரத்தின் விதி. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், ஓர் அவசரச் சட்டத்தின் ஆயுள் ஏறத்தாழ ஏழரை மாதங்களைத் தாண்ட இயலாது என்பது விளங்கும்.

பீகாரின் அனுபவம்

1967-க்கும் 1981-க்கும் இடையே பீகாரில் 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. அவை காலாவதியாகும் தருணத்தில் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, ஓராண்டு முதல் பதினான்கு ஆண்டுகள் வரை உயிருடன் வைக்கப்பட்டன. கரும்பு வழங்குதல், கொள்முதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 1968-ல் பிறந்த அவசரச் சட்டம் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. அமைச்சரவைகள் அடிக்கடி மாறிய காலம் அது என்பது ஓரளவு காரணமாகலாம். ஆயினும் அக்காலத்திலும் சட்டமன்றம் கூடிக்கொண்டுதான் இருந்தது. இந்த அவசரச் சட்டங்கள் மட்டும் அதன் முன் மசோதாக்களாக வரவில்லை.

நிர்வாகம் இதை எவ்வளவு இயல்பான பணியாகக் கருதியது என்பதற்கு 1981-ல் அனுப்பப்பட்ட ஒரு சுற்றறிக்கை சான்று. கூட்டத் தொடர் முடிந்துவிட்டதால், நடப்பிலுள்ள அவசரச் சட்டங்களை மறுபடியும் பிறப்பிக்க உடனே ஏற்பாடு செய்யுமாறு எல்லாத் துறைகளுக்கும் அது அறிவுறுத்தியது. மாற்றமின்றிப் பழைய வடிவிலேயே பிறப்பிப்பதாயின் அமைச்சரவையின் ஒப்புதலும் தேவையில்லை என்று அதில் கூறப்பட்டிருந்தது. இவ்வாறு சட்டம் இயற்றுதல் அலுவலகக் கோப்பு வேலையாகவே சுருங்கிற்று.

புணேயிலுள்ள கோகலே ஆய்வு நிறுவனத்தின் பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா இதை ஆராய்ந்து வெளிப்படுத்தி, உச்சநீதிமன்றத்திலும் முறையிட்டார். 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த அரசியல் சட்ட அமர்வு இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தது. இதை அரசியல் சட்டத்தை ஏய்க்கும் மோசடி என்றது.

ஆசிரியர்களின் நிலை

தீர்ப்புக்குப் பின்னும் பழக்கம் உடனே அகலவில்லை. 1989 டிசம்பரில், 429 சமஸ்கிருதப் பள்ளிகளை அரசே ஏற்பதாகப் பீகாரில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அதைத் தொடர்ந்து அடுத்தடுத்துப் பிறந்த அவசரச் சட்டங்களுள் ஒன்றேனும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. 1992 ஏப்ரலில் கடைசி அவசரச் சட்டமும் காலாவதியாயிற்று. அரசு ஊழியராகிவிட்டோம் என்று நம்பிய ஆசிரியர்களும் பணியாளர்களும் நீதிமன்றத்தை நாடினர்.

அவ்வழக்கு 2017 ஜனவரியில்தான் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் முடிவுற்றது. அவசரச் சட்டத்தைச் சட்டமன்றத்தின் முன் வைப்பது கட்டாயம். மறுபடியும் பிறப்பிப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அந்த அவசரச் சட்டங்களால் ஊழியர்களுக்கு நிலையான உரிமை எதுவும் ஏற்படவில்லை எனவும் தீர்ப்பாயிற்று. பெற்ற ஊதியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். சட்டமன்றத்தைத் தவிர்ப்பது வெறும் நடைமுறைக் குறையன்று. அச்சட்டத்தை நம்பியவர்களின் வாழ்வையே அது அந்தரத்தில் விட்டுவிடுகிறது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

செய்ய வேண்டியவை

நீதிமன்றம் தவறான வழியை அடைக்கலாம். சட்டமன்றத்தைக் கூட்டி விவாதிக்க வைக்க அதனால் இயலாது. கூட்டத் தொடர்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று வரையறுக்கும் அரசியல் சட்டம், ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை நாள் சட்டமன்றம் அமர வேண்டும் என்று கூறவில்லை. ஆகவே, சில நாட்களே கூடிக் கலைந்தாலும் விதி மீறப்பட்டதாகாது. அரசியல் சட்டச் செயற்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம், எழுபதுக்குக் குறைவான உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றங்கள் ஆண்டுக்கு 50 நாட்களும், ஏனையவை 90 நாட்களுமாவது அமர வேண்டும் என 2002-ல் பரிந்துரைத்தது.

நாட்களைக் கூட்டினால் மட்டும் போதாது; அந்த நேரம் பயனுற வேண்டும். கேரளச் சட்டமன்றம் 1980-லேயே துறைவாரியாகப் பத்துக் குழுக்களை அமைத்து, மசோதாக்களையும் மானியக் கோரிக்கைகளையும் அவற்றின் பரிசீலனைக்கு விட்டது. நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழு முறை முழு அளவில் ஏற்பட்டது 1993-ல்தான். இத்தகைய குழுக்களில் உறுப்பினர்கள் அதிகாரிகளை விசாரித்து, விவரங்களை அறிந்து, மசோதாவின் ஓட்டைகளை முன்கூட்டியே காண இயலும்.

அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அவசரச் சட்டத்திற்கான கோப்பைத் தயாரிக்கும்போதே, அதற்கு மாற்றாக வரவேண்டிய மசோதாவையும் ஆயத்தம் செய்து வைப்பது அவர்கள் கைக்கொள்ளத்தக்க எளிய நெறியாகும். அவசரம் உண்மையாயின் சட்டமன்றம் அதனை மறுக்கப்போவதில்லை. உண்மையல்லவாயின், அதைக் கேட்டறியும் உரிமை மக்களின் பிரதிநிதிகளுக்கு உண்டு.