ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தால்: பழுதைத் தேடும் முறை

திருச்சி–புதுக்கோட்டை சாலையில், புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நார்த்தாமலையில், விஜயாலய சோழீச்சுரத்தைக் காண வருவோர் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலமலைப் பாறையில் நடந்தே ஏற வேண்டும். இறங்கி வரும்போது ஸ்கூட்டர் கிளம்பவில்லையெனில், பைக்கைப்போல் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் மையவிலக்கு கிளட்ச், இன்ஜின் வேகமெடுத்த பிறகே பற்றிக்கொள்ளும் என்பதால், சக்கரத்தை உருட்டினாலும் இன்ஜின் சுழலாது. ஆகவே பழுது எங்கே என்று முறையாகத் தேடுவது ஒன்றே வழி.

பெட்ரோல் இன்ஜின் இயங்க, உரிய அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையை அழுத்தும் பிஸ்டனின் அமுக்கமும், தக்க நொடியில் பிளக் தரும் தீப்பொறியும் தேவை. இவற்றுள் எது தவறியது என்பதற்கான முதல் தடயம், செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது எழும் ஒலி.

ஒலியே எழவில்லையெனில் பழுது பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தில் இருக்கும். பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்பதையும், பல புதிய வண்டிகளில் பக்கவாட்டு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் கிளம்பாது என்பதையும் முதலில் நினைவில் கொண்டு, பிறகு ஃபியூஸையும் பேட்டரி முனைகளின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் வந்து ஹாரனும் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கக்கூடும். முழுச் சார்ஜில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, வண்டி ஓடாதபோது 12 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் அதைச் சார்ஜ் செய்ய வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில், முள்ளை மட்டும் நம்பாமல் டேங்கைத் திறந்து பெட்ரோலைப் பார்ப்பது நல்லது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிகளுக்குப் பின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் இடத்தை, அளவறிந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை பெரும்பாலும் பிடித்துவிட்டது. இவ்வகை வண்டியில் சாவியைத் திருப்பியதும் பம்பின் மெல்லிய ரீங்காரம் ஓரிரு நொடிகள் கேட்க வேண்டும். பம்புக்கும் மின்சாரம் வேண்டியிருப்பதால், பேட்டரி அறவே இறங்கினால் கிக்கரும் பயன்படாமல் போகலாம். பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வாடை பலமாக வீசினால், இன்ஜினுக்குள் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்திருக்கும். அப்போது சோக்கை ஆஃப் நிலையில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகியபடி சிலமுறை கிக் செய்தால் மிகுதி வெளியேறும்.

கரி படிந்த பிளக்கும், புழுதிச் சாலைகளில் விரைவில் அடைபடும் ஏர் ஃபில்டரும் அடுத்து ஆராயத்தக்கவை. பிளக்கைக் கழற்றித் தீப்பொறியைச் சோதிப்பது பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க வாய்ப்புள்ள செயலாதலால், அதையும் அமுக்கக் குறைவையும் மெக்கானிக்கே பார்க்க வேண்டும். கேட்ட ஒலியையும், எரிந்த எச்சரிக்கை விளக்கையும், செய்துபார்த்த சோதனைகளையும் அவரிடம் வரிசையாகச் சொல்பவருக்கு, தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு பெருமளவு குறையும்.