ஃபைஸ்ட்: அணிலைக் காட்டிக்கொடுக்கும் சிறு நாய்

துணிச்சலும் துடுக்கும் நிறைந்தவர்களை ஆங்கிலத்தில் 'ஃபைஸ்டி' என்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் ஒரு நாய். அமெரிக்கத் தென் மாநிலங்களின் காடுகளில் அணில் வேட்டைக்குப் பழக்கப்பட்ட ஃபைஸ்ட். உயரம் முழங்கால் அளவு. எடை பெரும்பாலும் 14 கிலோவைத் தாண்டாது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த டெரியர் நாய்களின் வழிவந்தது.

உருவத்தைப் பார்த்து இதை எடைபோடக் கூடாது. வேலையைப் பார்க்க வேண்டும். ஹவுண்ட் நாய்கள் மோப்பம் பிடித்ததுமே குரலெழுப்பியபடி ஓடும். ஃபைஸ்ட் பெரும்பாலும் சத்தம் காட்டாது. மூக்கோடு கண்ணையும் காதையும் சேர்த்தே பயன்படுத்தும்: கிளை அசைந்தால் பார்த்துவிடும், மரப்பட்டையில் நகம் பிராண்டினால் கேட்டுவிடும். அணில் இருக்கும் மரம் இதுதான் என்று தெரிந்த பிறகே முன்கால்களை அடிமரத்தில் ஊன்றி, அண்ணாந்து, விடாமல் குரைக்கும். அணிலும் லேசுப்பட்டதல்ல. வேட்டைக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ, அதற்கு மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது நாய் மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், மிரண்ட அணில் துப்பாக்கிக்கு நேரே வந்துவிடும்.

இவ்வளவு கெட்டிக்கார நாய்க்கு வாய்த்த பெயர் ஒரு வசவு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஃபிஸ்டிங்' என்றால் குசு விடுவது. எதற்கும் உதவாத சிறு நாய்களை அந்த அடைமொழியால் இகழ்ந்தார்கள். அதுதான் தேய்ந்து ஃபைஸ்ட் ஆனது. ஜார்ஜ் வாஷிங்டனின் 1770ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்தச் சாயலுள்ள மஞ்சள் நாய் ஒன்று வருகிறது.

1890களில் 'ஃபைஸ்டி' அச்சில் தென்படுகிறது. முதலில் எரிந்துவிழுபவர், வம்புக்கு நிற்பவர் என்றே பொருள். பாராட்டுப் பொருள் பிறகுதான் கூடியது. அந்த மாற்றத்துக்குத் தகுந்த நாய்தான் இது. வில்லியம் ஃபாக்னர் 1942இல் வெளியிட்ட நூலில் உள்ள 'கரடி' என்ற கதையில், காடே அஞ்சும் கிழட்டுக் கரடியின் மேல் இப்படியொரு குட்டி நாய் தனியாகப் பாய்கிறது. அதைக் காப்பாற்றக் கதையில் வரும் சிறுவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடுகிறான்.

ஆனாலும் அந்தச் சொல்லைவிட்டுப் பழைய ஏளனம் முழுதாகப் போய்விடவில்லை என்றே எனக்குப் படுகிறது. பாட்டிகளையும் குள்ளமானவர்களையும் எதிர்த்துப் பேசும் பெண்களையும்தான் பெரும்பாலும் ஃபைஸ்டி என்கிறார்கள். ஆஜானுபாகுவான ஆணை, அவர் எவ்வளவு துணிந்தவராக இருந்தாலும், அப்படிச் சொல்வது அபூர்வம். பெண்கள் பலர் இதைப் பாராட்டாக ஏற்க மறுப்பது நியாயமே.