மாயாவியும் என் பேரனும்: சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்?

போன கோடை விடுமுறையில் திருப்பதியிலிருந்து என் பேரன் சித்தூர் வீட்டுக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு முடித்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளை. நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகம் பிள்ளைகள் இப்படித்தான். பரணில் கிடந்த என் பழைய தகரப் பெட்டியைக் கீழே இறக்கித் திறந்துவிட்டான். உள்ளே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று அட்டை கிழிந்து தாள் பழுத்துப்போன புத்தகங்கள். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தாத்தா, யாரு இந்த ஆளு? கை மட்டும் தெரியுது, உடம்பைக் காணோம். நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"நீயே படியேன்டா."

"தமிழ் எழுத்து பாதிதான் வரும் தாத்தா. கூட்டிக் கூட்டிப் படிச்சா கதை மறந்துடுது."

ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் படங்களையெல்லாம் தெலுங்கில் பார்த்து மனப்பாடமாக வைத்திருக்கிறான். 2024-இல் வந்த 'ஹனுமான்' தெலுங்குப் படத்தை மூன்று முறை பார்த்தவன். ஆனால் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் புத்தகம்கூடப் படித்ததில்லை. இத்தனை பெயர் பெற்ற நாயகர்கள், அவர்கள் பிறந்த புத்தகத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு அந்நியமாகிப் போனது ஏன்? இந்தக் கேள்வியோடுதான் இன்றைய காமிக்ஸைப் பற்றி ரசிகர்கள் சொல்வதைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்ததை இங்கே எழுதுகிறேன்.

சூப்பர் ஹீரோ வந்த வழி

முகமூடியும் இறுக்கமான உடையும் அணிந்த நாயகனைச் செய்தித்தாள் படக்கதையில் பிரபலமாக்கியவர் லீ ஃபாக். அவருடைய ஃபாண்டம் 1936-இல் வந்தது. மனித சக்தியை மீறிய நாயகன் என்ற முறையில் சூப்பர்மேன் 1938-இல் அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தார். பத்து சென்ட் விலையில் அறுபத்து நான்கு பக்கம். இதிலிருந்து கிளைத்ததுதான் பேட்மேன் முதல் இன்றைய அவெஞ்சர்ஸ் வரை எல்லாம்.

நம் ஊர்ப் பக்கம் இந்த நாயகர்கள் வந்த வழி வேறு. 1964-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் ஃபாண்டத்தை இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தன. நம்முடைய மாயாவி அமெரிக்கர் அல்லர். 1962-இல் பிரிட்டனில் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த 'ஸ்டீல் கிளா'தான் அவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. முத்து காமிக்ஸில் வேதாளர் என்று வந்த ஃபாண்டத்துக்கு ராணி காமிக்ஸ் வைத்த பெயர் மாயாவி! எந்த மாயாவி பெரியவர் என்று நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்

நான் சித்தூரில் தெலுங்கு வழியில் படித்தவன். தமிழ் எழுத்தை அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினார். எழுத்து தெரிந்ததே தவிர வாசிப்பு வரவில்லை. வேலூரில் இருந்த மாமா சித்தூர் வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு காமிக்ஸ் வாங்கி வருவார். ஓரிரு ரூபாய்க்குள் விலை. படத்தைப் பார்த்தால் பாதிக் கதை புரியும். மீதிப் பாதிக்காக, பலூன் போன்ற வட்டத்துக்குள் இருந்த நாலு வார்த்தையைத் திக்கித் திக்கிப் படிப்பேன். 'மின்சாரம்', 'உளவாளி', 'தலைமறைவு' போன்ற சொற்கள் எல்லாம் எனக்கு மாயாவி தந்தவை. வீட்டில் தெலுங்கு சந்தமாமாவும் தமிழ் அம்புலிமாமாவும் வாங்குவோம். ஒரே படம், இரண்டு மொழி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். எட்டாம் வகுப்பு வருவதற்குள் படம் இல்லாத கதைப் புத்தகத்துக்குப் போய்விட்டேன். எனவே இந்த விஷயம் எனக்கு வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல.

ரசிகர்கள் சொல்லும் குறைகள்

இன்றைய அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் பற்றி நீண்டகால வாசகர்கள் சொல்லும் குறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, கதைக்கு முடிவே இல்லை. 1992-இல் சூப்பர்மேன் இறந்தார். உலகமே அதைச் செய்தியாக்கியது. அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். 2007-இல் கேப்டன் அமெரிக்கா சுடப்பட்டார். 2009-இல் அவரும் திரும்பினார். செத்தவர் எல்லோரும் வருவார் என்று தெரிந்த பிறகு சாவைப் படித்து யார் அழப்போகிறார்கள்?

இரண்டாவது, அடிக்கடி அழித்து எழுதுவது. பல உலகங்களாகச் சிக்கிக் கிடந்த கதைகளை டி.சி. நிறுவனம் 1985-86-இல் ஒன்றாக்கியது. 2011-இல் ஐம்பத்திரண்டு இதழ்களை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது. 2016-இல் இன்னொரு முறை. மார்வெல் நிறுவனமோ ஸ்பைடர்மேனின் இருபது வருடத் திருமணத்தையே 2007-08-இல் நடக்காததாக்கிவிட்டது. கூடவே வளர்ந்த வாசகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது, ஒரு கதையைப் புரிந்துகொள்ளப் பல இதழ்கள் வாங்க வேண்டும். 2006-07-இல் வந்த 'சிவில் வார்' மையக் கதை ஏழு இதழ்கள்தான். அதன் கிளைகளோ பல இதழ்களில் பரவிக் கிடந்தன. இன்று இருபது பக்கக் கதை கொண்ட ஒரு மெல்லிய இதழ் நான்கு, ஐந்து டாலர். பத்து சென்ட் காலத்தோடு விலைவாசியை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பிள்ளைகளின் கைக்காசில் வாங்கும் பொருளாக அது இப்போது இல்லை.

நான்காவது, கதைக்குள் அரசியல் புகுந்துவிட்டது என்பது. 2011-இல் வந்த மைல்ஸ் மொராலெஸ் என்ற கறுப்பின ஸ்பைடர்மேனையும், அதற்குச் சில வருடம் கழித்து வந்த கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்ணையும் சிலர் ஏற்கவில்லை. வேறு பலரோ, எங்களைப் போன்ற முகம் ஒன்று கடைசியில் வந்ததே என்று மகிழ்ந்தார்கள்.

இந்த நான்காவது குறை எனக்குச் சரியாகப் படவில்லை. 1941-இல் வந்த கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையிலேயே அவர் ஹிட்லரைக் குத்துகிறார். அப்போது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. அரசியல் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

பழைய நாயகர்கள் பரிசுத்தமானவர்கள், இப்போதுதான் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சும் அப்படியே. நம் மாயாவி தொடக்கத்தில் தன் சக்தியைத் திருடப் பயன்படுத்தியவர். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரோ குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டுப் பிறகு திருந்தியவர். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

தமிழ் ரசிகர்களின் வழக்கு

தமிழ் காமிக்ஸ் ரசிகர்களுக்குள்ளும் இதே வழக்கு உண்டு, சாட்சிகள்தான் வேறு. ஒரு சாரார் மும்மூர்த்திகளின் கட்சி. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரைத்தான் அப்படிச் சொல்வார்கள். பழைய சாணித்தாள் வாசனையும் கறுப்பு வெள்ளைப் படமும் இல்லாவிட்டால் அது காமிக்ஸே இல்லை என்பார்கள். தீபாவளி மலர், கோடை மலர் என்று வந்த 'குண்டு புக்'கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

மறுசாரார், ஸ்பைடர் கதை எல்லாம் காதில் பூ சுற்றுகிற வேலை, வளர்ந்தவன் படிக்க வேறு வேண்டும் என்பவர்கள். 2012-இல் லயன் காமிக்ஸ் புத்துயிர் பெற்று வந்த பிறகு ஆர்ட் பேப்பரில் வண்ணத்தில் லார்கோ வின்ச் போன்ற ஐரோப்பியக் கதைகள் வந்தன. இத்தாலியின் டெக்ஸ் வில்லருக்கு இன்று பெரிய ரசிகர் கூட்டம். பழைய சூப்பர் ஹீரோக்களோ மறுபதிப்பாகத் தலைகாட்டுகிறார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவர்களைச் சிறுவயதில் படித்தவர்களே. இரண்டு கட்சிக்காரர்களும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கடை இடம் மாறிய கதை

இங்கேதான் ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1970-கள் வரை காமிக்ஸ் விற்றது மருந்துக்கடையிலும் பத்திரிகைக் கடையிலும். விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து காமிக்ஸுக்கென்றே தனிக்கடைகள் வந்தன. அவர்களுக்குத் தள்ளுபடி அதிகம், ஆனால் திருப்பித்தர முடியாது. விற்காவிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். ஆகவே வாடிக்கையாக வருகிறவர் எதை வாங்குவாரோ அதையே அவர் தருவிப்பார். பதிப்பாளரும் அந்த வாடிக்கையாளருக்காகவே எழுத வைப்பார். முப்பது வருடமாகப் படிப்பவருக்குப் புரிகிற கதை புதிதாக வரும் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? மேலே சொன்ன முதல் மூன்று குறைகளுக்கும் வேர் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம்மிடமும் அதுவே நடந்தது. பஸ் ஸ்டாண்டிலும் பெட்டிக்கடையிலும் கொடி கட்டித் தொங்கிய புத்தகம் இன்று சந்தாவிலும் புத்தகக் கண்காட்சியிலும் கிடைக்கிறது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றே போனது. சிவகாசிக்காரர்கள் விடாமல் நடத்துவதற்கு அந்தப் பழைய வாசகர்களின் விசுவாசமே துணை. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் தற்செயலாக ஒரு மாமா வாங்கிக்கொண்டு வருகிற வழி அடைபட்டுவிட்டது.

பிள்ளைகள் படக்கதையை விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் 'ஒன் பீஸ்' 1997-இலிருந்து ஒரே ஆசிரியரின் ஒரே கதையாக ஓடுகிறது. ஒன்றாம் பாகத்தை எடுத்தால் போதும், முன்கதை தேவையில்லை. அமெரிக்காவில் 2016-இல் வந்த 'டாக் மேன்' சிறுவர் புத்தகங்களை அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளி நூலகத்தில் போட்டி போட்டுப் படிக்கிறார்கள். சூப்பர் ஹீரோ பதிப்பாளர்களும் இதைக் கண்டுகொண்டார்கள் போலும். 2024-இல் மார்வெல் புதிதாகத் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்', டி.சி. தொடங்கிய 'அப்சல்யூட் பேட்மேன்' இரண்டுமே முன்கதை தெரியாதவரும் நுழையும்படி அமைந்தவை. குறைசொல்லியே பழகிய ரசிகர்கள்கூட இரண்டையும் கொண்டாடினார்கள். பழையவனுக்கு மரியாதை, புதியவனுக்கு வழி, இரண்டும் சேர்ந்து வரமுடியும் என்று இதிலிருந்து தெரிகிறது.

நமக்கு என்ன?

இதை ஏன் சங்க மலரில் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். சித்தூர், திருப்பதித் தமிழர்களாகிய நாம் கூடும்போதெல்லாம் பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை என்று வருத்தப்படுகிறோம். பிறகு நம் நூலக அலமாரியைத் திறந்தால் உரைநூல்களும் தடித்தடியான நாவல்களும்தான் இருக்கின்றன. நமக்குப் பிடித்ததை வாங்கி அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் வரவில்லையே என்கிறோம். அந்தத் தனிக்கடைக்காரர் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம்?

தமிழ் நன்றாகப் பேசி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் படக்கதை போல உதவும் புத்தகம் வேறு இல்லை. வாக்கியம் சின்னது. பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு சொல் புரியாவிட்டால் படம் சொல்லிக் கொடுக்கும். அடுத்த பக்கம் என்ன ஆகுமோ என்ற ஆவல் வாத்தியார் வேலையைச் செய்யும்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. சங்க நூலகத்தில் ஒரு தட்டு காமிக்ஸுக்கென்று ஒதுக்க வேண்டும். மறுபதிப்பு மாயாவியும் இருக்கட்டும், புதிய வண்ணக் கதைகளும் இருக்கட்டும். பெரியவர்களுக்கான கதைகளும் இப்போது வருவதால் வயது பார்த்து நாமே பிரித்து வைக்க வேண்டும். யாராவது வேலூர், சென்னை போனால் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாங்கி வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் சங்கத்துக்காகவும் இரண்டு சேர்த்து வாங்கி வரலாம்.

பேரன் விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் முதல் இருபது பக்கம் படித்துச் சொன்னேன். மாயாவி மின்கம்பியைத் தொடப் போகிற இடத்தில், "தாத்தாவுக்குக் கண் வலிக்குதுப்பா" என்று புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டேன். திண்ணையில் போய் உட்கார்ந்து விரல் வைத்து வாய்விட்டுக் கூட்டிப் படித்தான். ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, "தாத்தா, 'தலைமறைவு'ன்னா என்ன?" என்று கேட்டான். திருப்பதிக்குப் போகும்போது பெட்டியிலிருந்து நான்கு புத்தகம் எடுத்துக்கொண்டு போனான். திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை.