டிரௌட் மீனும் கிராமக் குளமும்

நீலகிரி ஓடைகளில் தூண்டிற்காரர் விரும்பித் தேடும் டிரௌட் மீன் சுவையிற் சிறந்தது. அதைத் தம் ஊர்க் குளத்திலும் வளர்க்கலாமென்று சங்க அங்கத்தினர்கள் எண்ணுவது இயல்பே. எனினும் பணம் செலவிடுமுன் அம்மீனின் தன்மையை அறிதல் நலம்.

இது நம் நாட்டு மீனன்று. 1860-ஆம் ஆண்டுகளில் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச். ஸி. வில்ஸன் முயன்று, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்ட பிறகே வானவில் டிரௌட் அங்கு நிலைபெற்றது.

விரைந்தோடும் குளிர்ந்த ஜலத்தில் பிராணவாயு மிகுதி. இம்மீன் அதையே நாடும். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, அடித்துவரும் பூச்சிகளை உண்ணும். ஆகவே வழிகாட்டுவோர் தூண்டிற்காரரை ஓடையின் கீழ்ப்புறமிருந்து, மீனின் கண்ணிற் படாமல் அழைத்துச் செல்வர். இறகாலும் நூலாலும் ஈயைப்போற் கட்டிய முள்ளை மேல்நோக்கி வீசினால், அது இரையென மிதந்து வரும்.

ஜலத்தின் வெப்பம் சுமார் 25 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் டிரௌட் பிழைப்பது அரிது. சமவெளிக் குளங்களோ வேனிலில் அதனினும் சூடேறும். அவற்றிற்குக் கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டையினங்களே ஏற்றவை. சங்கத்தின் முதல் வீணாகாதிருக்க, நீருக்கேற்ற மீனையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.